அவளுக்காகப் போராடும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பினால் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பதிலுக்கு ஒரு மஞ்சள் மூஞ்சியைப் போட்டு அனுப்பிவிடுவாய். இதை அப்படிப் படிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும். சனிக்கிழமை தோறும் நீ அழ அழ உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அது இதற்காவது உதவட்டும். உட்கார்ந்து படி.

இதில் ஒரு பிரதியைத் தமிழ் வகுப்பின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். குதிக்காதே. நம் கதையை டிவியில் சொன்னவன் நீதானே! இங்கே சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, நம் வீட்டு விஷயத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் நேராகவே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நஸ்ரினிடம் கேட்டுவிட்டேன். "போடுங்க அம்மா, என் படம் மட்டும் வேணாம்" என்றாள்.

போன வாரம் நீ ஃபோன் செய்தபோது அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். அடுத்த மாதம் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகனாகப் போகிறேன் என்றாய். "நஸ்ரினுக்காகத்தான்மா. குடிமகனோட பொண்டாட்டின்னா மனுவுக்கு வெயிட் வேற" என்றாய். அப்போது அவள் அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். "அவளுக்கு சந்தோஷமாம்மா?" என்று நீ கேட்டாய். நான் "ம்" என்றேன். அந்த "ம்" பொய். அவள் இந்தச் சனிக்கிழமை நம் வீட்டைவிட்டுப் போகிறாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மலரில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ வேலைக்கென்று அமெரிக்கா போய்ப் பல வருஷம் ஆகிறது. நஸ்ரின் ஈரானில் ஷிராஸ் ஊர்க்காரி. இங்கே நாம் இருக்கிற நகரத்தில், ஆல்பனியில் யுனிவர்சிட்டியில் உணவு ஆராய்ச்சியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்திருந்தபோது பழகினீர்கள். நீ இருக்கிற ஊரிலேயே அவளுக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது, விசாவும் கிடைத்தது, பாஸ்போர்ட்டில் ஒட்டியும் கொடுத்துவிட்டார்கள். பெட்டி கட்டுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் அங்கே அந்த ஜனாதிபதித் தேர்தல் வந்தது.

இங்கே முடிவு பட்டப்பகலில் வந்தது. நான் வயசானவர்கள் தங்கியிருக்கிற ரெஸ்ட் ஹோமில் வேலையில் இருந்தேன். பெரியவர்கள் எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டியம்மா, "நல்லவேளை, நம்ம ஊர் இல்லை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தால் உன் அப்பா சோபாவில் தானே ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நஸ்ரின் சாப்பிட வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில், "ஆம்பளலா அவன். மனசுல பட்டத பட்டுனு பேசுறான்" என்றார். அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "உன்ன இல்லம்மா. அவன் சொல்றது அந்த மாதிரி ஆளுங்கள" என்றார். "எந்த மாதிரி ஆளுங்க, அங்கிள்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன் அப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி கோழிக்கறியைப் போட்டார்.

நினைத்துப் பார். நாம் பிறந்த நாட்டில், கிள்ளானில் நல்ல வேலையில் இருந்த மனுஷன். "இங்க நம்ம பிள்ளைக்கு யுனிவர்சிட்டியில இடம் கிடைக்காது, பேர பாத்தே தள்ளிடுவான்" என்று சொல்லி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடல் தாண்டி இந்த ஊர் மனுரேவாவில் கிடங்கில் பெட்டி தூக்க வந்தவர். பேரைப் பார்த்துத் தள்ளுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் தள்ளப்படுகிறவன் வேறொருத்தன் என்றால் கை தட்டத் தோன்றிவிடுகிறது. நம் ஆட்களில் அன்றைக்குக் கை தட்டியவர்கள் நிறையப் பேர். நான் தட்டவில்லை. ஆனால் வாயைத் திறந்து அவரை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அவளைப் போன்றவர்களை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று அவன் பேசியதைக் கேட்டு நீதான் பயந்தாய். அவன் பதவி ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும், டிசம்பரிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு புது வருஷத்துக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று கெஞ்சினாய். டிசம்பர் என்றால் பாதிக்கு மேல் மார்கழி. மார்கழியில் எந்தத் தாயாவது மகனுக்குக் கல்யாணம் வைப்பாளா? "கையெழுத்துதானம்மா, தாலி அப்புறம் கட்டிக்கலாம்" என்றாய். தாலி இல்லாத கழுத்தோடு ஒரே விமானத்தில் ஏறிப் போனால் ஊர் என்ன சொல்லும் என்றேன். ஊர்! அந்த ஊர் இன்றுவரை அவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்ததில்லை. தை பிறக்கட்டும், அமாவாசை கழியட்டும், வளர்பிறையில் முதல் முகூர்த்தம் என்று ஐயரிடம் நாள் குறித்தேன். நீ டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய். நான் நாள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களுக்குள் அவன் பதவி ஏறிவிட்டான். நீ இதை இதுவரை ஒரு தடவைகூட என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவளும் சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலை. நீ பூ வாங்கப் போயிருந்தாய். அப்பா முகூர்த்தக்காலுக்கு மூங்கில் கிடைக்காமல், ஹார்ட்வேர் கடையில் வாங்கிய தோட்டத்துக் கம்புக்கு மஞ்சள் பூசி, மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலையைக் கட்டிக் கொல்லையில் நட்டுக்கொண்டிருந்தார். நான் நஸ்ரினுக்கு முழங்கை வரை மருதாணி வைத்துவிட்டு அப்போதுதான் எழுந்தேன். அவள் ஊரிலும் பெண்ணுக்கு மருதாணி வைப்பார்களாம், சிரித்துச் சிரித்து அந்தக் கதையெல்லாம் சொன்னாள். அவள் ஃபோன் விடாமல் சத்தம் போட்டது. "அம்மா, யாரோ அனுப்பிக்கிட்டே இருக்காங்க, கொஞ்சம் காட்டுங்க" என்றாள். நான் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "மேல தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். "இன்னும்" என்றாள். என் கண்ணாடி அடுப்படியில் இருந்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோய், கொஞ்சம் கொஞ்சமாக வேறு முகம் ஆகியது. "என்னம்மா?" என்றேன். "வரக்கூடாதுன்னு சொன்ன நாடுங்களோட பேர் வந்திருக்கு. எங்க நாடு இருக்கு" என்றாள். இரண்டு கையையும் மருதாணி படாமல் மேலே தூக்கி வைத்திருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட அவளால் முடியவில்லை. என் முந்தானையால் நான்தான் துடைத்துவிட்டேன்.

அப்பா மண்வெட்டியோடு உள்ளே வந்தார். "விசாதான் ஒட்டியாச்சே! ஒட்டுனத எப்படிலா பிடுங்குவான்?" என்றார். மறுநாள் நீ தாலி கட்டினாய். வந்தவர்கள் அட்சதை போட்ட கையோடு வாழ்த்தும் சொன்னார்கள், துக்கமும் விசாரித்தார்கள். எந்தக் கல்யாணத்தில் அப்படிப் பார்த்திருக்கிறாய்? மல்லிகா அக்கா என் காதருகில் வந்து, "உங்க மருமக அந்த நாட்டுக்காரியா? அப்ப தடுக்கத்தான செய்வாங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க மகனோட விசாவுக்கு நாலு வருஷம் அர்ச்சனை பண்ணீங்களே, அவன் எந்த நாட்டுக்காரன்னு யாராச்சும் கேட்டோமா?" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என்னோடு பேசுவதில்லை. நஷ்டம் ஒன்றும் இல்லை.

அங்கே ஒரு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது என்று செய்தி வந்ததும் நாம் விழுந்தடித்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினோம். கவுன்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான். பாஸ்போர்ட்டை வாங்கித் தட்டினாள், மறுபடி தட்டினாள், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். விசா ரத்தாகிவிட்டது என்று காட்டுகிறது, உங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்று உன்னிடம் சொன்னாள். நீ போக மாட்டேன் என்று நின்றாய். நஸ்ரின்தான், "நீ போ, உன் வேலையும் போயிட்டா யார் எனக்கு மனு போடுறது?" என்று உன்னைப் பிடித்துத் தள்ளினாள். திரும்பி வரும்போது காரில் அவள் பெட்டி பின்னால் உருண்டு உருண்டு இடித்துக்கொண்டே வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த வாரம் டவுனில் குயின் ஸ்ட்ரீட்டில் அந்த உத்தரவை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். உன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து வந்து நின்றார். "என்னா கத்துனீங்க அங்க?" என்று கேட்டேன். "எனக்கு கத்த வரலலா. பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் பிள்ள கைய பிடிச்சிக்கிட்டு கத்துச்சி. நான் சும்மா நடந்தேன்" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் அந்த ஆளைப் பற்றி வாயே திறந்ததில்லை. மறு திங்கட்கிழமையிலிருந்து நஸ்ரினைக் காலையில் பாலம் தாண்டி ஆல்பனியில் அவள் லேப் வேலைக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை ஆகிவிட்டது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னாலும் கேட்பதில்லை. அதுவரை எங்களோடு இங்கிலீஷில் பேசியவள்தான், மேலே நான் தமிழாக்கி எழுதியிருக்கிறேன்; இப்போது அவள் பேசுகிற தமிழ் எல்லாம் அந்தக் காரில் கற்றதுதான். "பசியாறிட்டீங்களா அம்மா?" என்று அச்சு அசல் கிள்ளான்காரி மாதிரி கேட்பாள்.

அங்கே அவள் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ மனைவி என்று மனுப் போட்டாய். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா இளவயதில் எந்தப் படையில் கட்டாயச் சேவை செய்தார், எங்கே, யாரோடு என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்? அதற்குள் உத்தரவு மறுபடி மறுபடி உடை மாற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், விதிவிலக்குக்குப் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி பதில். அந்த ஒரு வரிதான் இன்றுவரை.

சும்மா சொல்லக்கூடாது, நீ கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஏர்போர்ட்டில் தட்டி பிடித்தாய், ஊர்வலம் போனாய், கூட்டம் போட்டாய், மைக்கைப் பிடித்துப் பேசினாய். பள்ளிக்கூட மேடையில் நாலு வரி பேச நின்று பேண்ட்டை நனைத்துக்கொண்டு இறங்கியவன், ஆயிரம் பேர் முன்னால் குரல் நடுங்காமல் பேசினாய். டிவியில் வந்தபோது ரெஸ்ட் ஹோமில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "என் மகன்" என்றேன். பொய் சொல்லவில்லை தம்பி, பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்த ஆள் செய்தது அநியாயம். அநியாயத்தை எதிர்த்து நிற்கிற பிள்ளையைப் பெற்றதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆனால் வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் நான். முதலில் தினமும் பேசினாய். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குக் கூட்டம் வந்துவிட்டது. பேசினாலும் வக்கீல் என்ன சொன்னார், எந்த நீதிமன்றம், யார் பேட்டி எடுக்க வருகிறார்கள் என்பதுதான் பேச்சு. போன கிறிஸ்துமஸுக்கு வந்தாயே, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு அங்கே இருக்கிறவர்களோடு பேசித் தீர்த்தாய். அவள் லேபில் லீவு சொல்லிவிட்டு, கடற்கரைக்குப் போகலாம் என்று ரொட்டியும் கோழியும் கட்டி வைத்திருந்தாள். "நாளைக்கு" என்றாய். மறுநாளும் "நாளைக்கு" என்றாய். மூன்றாம் நாள் அந்தக் கோழியை நானும் அப்பாவும் சாப்பிட்டோம்.

அப்புறம் அந்தப் படம். கல்யாணத்தன்று எடுத்த படத்தில் அவள் முகத்தை மட்டும் வெட்டிக் கதவளவு பெரிசாக்கி, கீழே அவள் பேரையும் ஊரையும் போட்டு ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போனாய். அது எல்லா ஃபோனிலும் சுற்றியது. ஷிராஸிலிருந்து அவள் அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, ஆனால் தாய் அழுகிற பாஷை எல்லா ஊரிலும் ஒன்றுதானே. அவள் தம்பி அங்கே அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தானாம். நேர்காணலில் முதல் கேள்வியே அக்காவைப் பற்றித்தானாம். நஸ்ரின் உன்னிடம் அதைச் சொன்னாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "போராட்டம்னா ஒரு முகம் வேணும் நஸ்ரின், உன் முகத்தப் பாத்துதான் ஜனங்க அழுவாங்க" என்றாய். அவள் "சரி" என்று வைத்துவிட்டாள். தம்பி, அவன் அவளைக் கேட்காமல் அவள் நாட்டின் பேரைப் பட்டியலில் போட்டான். நீ அவளைக் கேட்காமல் அவள் முகத்தைத் தட்டியில் ஒட்டினாய். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அவன் பகையில் செய்தான், நீ பாசத்தில் செய்தாய். ஆனால் இரண்டு தடவையும் அவளை யாரும் கேட்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில், அங்கே உச்ச நீதிமன்றமே அந்த உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்ட செய்தி வந்தது. உன்னைப் படிகளில் நின்று கத்துகிற கூட்டத்தில் டிவியில் தேடினேன். நஸ்ரின் தேடவில்லை. வேலையிலிருந்து வந்து, கதவைச் சாத்தாமலே, ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்த அந்தப் பெட்டியைக் கட்டிலில் தூக்கி வைத்துத் திறந்தாள். ஒன்றரை வருஷமாக அவள் அதைப் பிரிக்கவே இல்லை தெரியுமா? வேண்டியதை எடுப்பாள், துவைப்பாள், மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பாள். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமே என்று. அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். உன் ஊர்ப் பனிக்கென்று வாங்கிய தடிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இத யாருக்காச்சும் கொடுத்திடலாமா?" என்று கேட்டாள். இரு, பார்க்கலாம் என்றேன். நானும் உன்னைப் போல "நாளைக்கு" சொல்லக் கற்றுக்கொண்டேன்.

இப்போது நான் சொல்லப்போவது உன் அப்பாவுக்குப் பிடிக்காது. ஆனால் படித்துக் காட்டிவிட்டேன். "போடு" என்று சொல்லிவிட்டார். உனக்கு நாலு வயதில் நாம் ஈப்போவில் என் அம்மா வீட்டில் ஒரு வருஷம் இருந்தோம். என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறோம். என் அம்மா கல்லு மாதிரி இருந்தார். நான் உன் அப்பாவை விட்டுவிட்டுப் போயிருந்தேன். கம்பெனி அவரை அநியாயமாக வேலையை விட்டு நிறுத்தியது. வழக்குப் போட்டார். நியாயமான வழக்கு, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் விடிந்தால் வழக்கு, படுத்தால் வழக்கு. எனக்கு இரண்டாவதாக உண்டாகிக் கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வக்கீலைப் பார்த்துவிட்டு ஃபைலோடு வந்து, "நமக்காகத்தான போராடுறேன்" என்றார். நமக்காக! அந்த 'நமக்குள்' நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவர் ஜெயித்தார். ஜெயித்த செய்தியை ஃபோனில் சொன்னார், நல்லது என்று வைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் ஈப்போ வீட்டு வாசலில் வந்து நின்றார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் ஆள் நேரில் வந்து நின்று கேட்டதால்தான் உனக்கு அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் கிடைத்தார்கள். ஃபோனில் கேட்டிருந்தால் நான் திரும்பியிருக்க மாட்டேன். அதற்காக அந்த வருஷம் எனக்கு மறந்துபோய்விடவில்லை. அது இன்னும் இருக்கிறது, அதோடுதான் இருக்கிறோம்.

போன மாதம் நானும் நஸ்ரினும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "அம்மா, எனக்கு முப்பத்தஞ்சு ஆகுது. பிள்ளை வேணும்னு ஆசையா இருக்கு. நான் இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கணும்?" மாமியார் என்ன சொல்ல வேண்டும்? பொறுமையாக இரு, கடவுள் இருக்கிறார், அடுத்த தேர்தலில் அவன் போய்விடுவான் என்று சொல்ல வேண்டும். எனக்கு அதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவளிடம் தை பிறக்கட்டும் என்று ஒருதரம் சொன்னவள் நான். "காத்திருந்தது போதும்மா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என் மேல் கோபப்படு, அவள் மேல் படாதே. அவள் ஈரத் துணியை அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் விவாகரத்து என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நீயாக அந்த முடிவுக்குப் போய்விடாதே. "யாரும் யாருக்காகவும் காத்திருக்காத ஒரு வீட்டுல கொஞ்ச நாள் இருக்கணும் அம்மா" என்று மட்டும்தான் சொன்னாள். வேலையில் அவளை மேலே தூக்கியிருக்கிறார்கள். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கவும் அனுமதி வந்துவிட்டது. வாடகைக்கு ஒரு சின்ன யூனிட் வீடு பார்த்திருக்கிறாள். உன்னிடம் இதைச் சொல்லப் பல தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் உனக்கு இன்னொரு ஃபோன் கால் வந்துவிட்டது. அதனால் முதலில் நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் எழுதினால் நல்ல வார்த்தையாகப் போட்டு எழுதிவிடுவாள். உனக்கு உறைக்காது.

குடிமகன் ஆக வேண்டுமா, ஆகு. அந்த நாட்டில் உழைக்கிறாய், வரி கட்டுகிறாய். ஓட்டுப் போட்டு அவனை இறக்க வேண்டுமா, இறக்கு, நான் கோயிலில் தேங்காய் உடைக்கிறேன். ஆனால் அதை அவளுக்காகச் செய்கிறேன் என்று மட்டும் இனி சொல்லாதே. அங்கேயே பிறந்த குடிமக்களின் பெண்டாட்டிகளும் இதே விதிவிலக்குக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று நீயே மைக்கில் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் சொல்கிறாய். அவளுக்காக என்று சொன்னால் நீ அங்கே இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. அவனிடம் தோற்றுப்போய்த் திரும்பி வந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதுதானே? என் வயிற்றில் பிறந்தவன்தானே நீ, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வந்து கதவைத் தட்டினால் அவள் திறக்காமலும் போகலாம். திறந்து, உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, போய் வா என்றும் சொல்லலாம். சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவன் நீதான். சனிக்கிழமை அப்பாதான் அவள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார். நேற்று முழுக்க அவளுக்கென்று ஒரு புத்தக அலமாரியைத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். புது வீட்டு விலாசம் எனக்குத் தெரியும். இதில் எழுத மாட்டேன், ஃபோனில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், அவளும் சொல்லப்போவதில்லை. வேண்டுமென்றால் இங்கே வந்து கேள். அங்கே வரக்கூடாது என்று அவளைத்தான் சொன்னார்கள். இங்கே வரக்கூடாது என்று உன்னை இத்தனை நாளில் எந்த அரசாங்கமும் சொல்லவில்லை, தம்பி.

அம்மா